டோபி முனுசாமியின் பதினோரு நாட்கள்

வெள்ளைக்காரத் துரை வீட்டுப் படுக்கை விரிப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் கல்லில் ஓர் அறை அறைந்துவிட்டு, "இந்தக் கதைய எழுதுனவன் ஒரு நாளும் துணி தொவச்சவன் இல்ல," என்றார் முனுசாமி. கேட்டுக்கொண்டு நின்றவர் பீங்கான் கடைக்காரர். நல்ல துப்பறியும் நாவலாக ஒன்று சொல்லும்படி கேட்க, பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரை வண்ணாந்துறை வரைக்கும் வெயிலில் நடந்து வந்திருந்தார். அவர் வாங்க நினைத்திருந்த நாவலில், கொலைகாரன் ரத்தம் தோய்ந்த சட்டையை வெந்நீரில் அலசிக் கறையைப் போக்கிவிடுகிறானாம். முனுசாமிக்கு அதுதான் பொறுக்கவில்லை. "ரத்தத்துல வெந்நி பட்டா கறை அங்கனயே உக்காந்துக்கும் லா. பச்சத் தண்ணியில உப்பப் போட்டு ஊற வெக்கணும். இதுகூடத் தெரியாதவன் கொலையப் பத்தி என்னாத்த எழுதுறது? வேணாம், வாங்காதீங்க." கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த நாவல் அவரைப் பொறுத்தவரை அன்றோடு செத்தது.

கதாநாயகி பட்டுச்சேலையோடு ஆற்றில் குதித்து, நீந்திக் கரையேறி, அதே சேலையோடு கல்யாணப் பந்தலுக்குப் போகிற கதை ஒன்றை முனுசாமி நாலு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் வேஷம் மாற்றுகிற துப்பறிவாளன் வந்தால், அத்தனை உடுப்பையும் வெளுத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்த டோபி யார், அவனுக்குத் தெரியாமலா இந்த ரகசியம் என்று கேட்பார். நியாயமான கேள்விதானே? பட்டணத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு இது எட்டவில்லை. அவர்களுடைய புத்தகம் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு ஸ்திரீட்டில் வந்து இறங்கினால், வாங்குகிறவர்களில் பாதிப் பேர், டோபி என்ன சொன்னார் என்று விசாரித்துவிட்டுத்தான் காசை எடுக்கிறார்கள்.

வயது ஐம்பத்திரண்டு. நாளெல்லாம் தண்ணீரில் நின்று நின்று பாதம் இரண்டும் வெளுத்துச் சுருங்கிப்போயிருக்கின்றன. வலது கட்டைவிரல் நகம் மட்டும் கறுப்பு. துணிக்குக் குறி போடுகிற சேராங்கொட்டைப் பால் ஏறிய கறுப்பு அது. தேய்த்தாலும் போகாது. உச்சிவேளையில் துணியெல்லாம் கயிற்றில் ஏறிய பிறகு, ஒரு காது கழன்று நூல் கட்டிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெள்ளாவி அடுப்புக்குப் பக்கத்தில் குந்துவார். நாகையில் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்த படிப்பு. அதை வைத்துக்கொண்டு இதுவரை நூற்றுக்கு மேல் துப்பறியும் நாவல் படித்துவிட்டார். உதடு அசையத்தான் படிப்பார்.

புத்தகத்தை எடுத்தவுடன் அவர் திருப்புவது கடைசி அத்தியாயம். யார் குற்றவாளி என்று தெரிந்துகொண்டு, அப்புறம்தான் முதல் பக்கத்துக்கு வருவார். பீங்கான் கடைக்காரர் ஒரு தடவை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். துப்பறியும் கதையைப் பின்னாலிருந்து படிக்கிற மனுஷரை அவர் கண்டதில்லை. "யாருன்னு மொதல்லயே தெரிஞ்சுக்கிட்டா, ஒருத்தர் மேலயும் வீணாச் சந்தேகப்பட வேணாம்," என்றார் முனுசாமி. கடைக்காரர் அதையும் வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு முனுசாமி இப்படிப் படிக்கிறவர் இல்லை. அப்போது அவர்கள் மூன்று பேர் ஒரு கூட்டு. புத்தகம் வாங்குகிறவர் சொக்கநாதன், லேவாதேவிக்காரர்கள் கடையும் குடியுமாக இருந்த கிட்டங்கி ஒன்றில் அடுத்தாள், அதாவது மேலாளுக்கு அடுத்த நிலை. படித்து முடித்ததும் அழுக்கு வேட்டிக்குள் வைத்துச் சுருட்டி முனுசாமியின் மூட்டையில் போடுவார். முனுசாமி படித்துவிட்டு, வெளுத்த சட்டைகளுக்கு நடுவே மடித்து அப்துல் அஜீஸிடம் கொண்டுபோவார். அஜீஸ் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி. அதாவது எழுத்து வேலை, மேஜை நாற்காலி, மாதச் சம்பளம், குடியிருக்கக் கம்பெனி வீடு. அழுக்குத் துணி ஒரு வழியும் வெள்ளைத் துணி ஒரு வழியுமாக, நாவல் ஊரைச் சுற்றி வந்தது.

சொக்கநாதன் கொல்லைப்புறப் படியில் நின்றுகொண்டு அரைமணி நேரம் கதையைப் பற்றிப் பேசுவார். முனுசாமி கீழே சாக்கடை ஓரம் நின்று பதில் சொல்லவேண்டும். படியேறி வா என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அஜீஸ் வீட்டில் வேறு மாதிரி. "வாங்க முனுசாமியண்ணே" என்று கூடத்துக்கே அழைத்து, நாற்காலி இழுத்துப் போட்டு, தேத்தண்ணீர் வரவழைத்து, அதற்குப் பிறகுதான் கொலைப் பேச்சு. டோபியை அண்ணே என்று கூப்பிட்ட கிராணி அந்தக் காலத்தில் ஜார்ஜ் டவுன் முழுக்கத் தேடினாலும் இன்னொருவர் கிடைக்கமாட்டார்.

இந்த மூவருக்குள் ஒரு வழக்கம். எந்தப் பக்கத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்களோ, அந்த எண்ணைப் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் எழுதிவைக்க வேண்டும். இருநூறு பக்க நாவல் என்றால் சொக்கநாதன் நூற்றெண்பது என்பார். அஜீஸ் நூற்றிருபது. முனுசாமி அறுபத்துநாலு, சில சமயம் நாற்பது. பொய்யாக எழுதுவாரோ என்று மற்ற இருவரும் சோதித்துப் பார்த்ததுண்டு. எழுதமாட்டார். அந்த விஷயத்தில் மனுஷன் சுத்தம். ஒரு தடவை அஜீஸ் பின்னட்டையைப் பார்த்துவிட்டு, நீங்கள் மட்டும் போலீசில் இருந்தால் இந்தத் தீவில் ஒரு திருடன் மிஞ்சமாட்டான் என்றார். முனுசாமி அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுபோய், தினம் எடுத்துப் பார்த்து வைத்துக்கொண்டார்.

ரப்பர் விலை விழுந்து, ஊரெங்கும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் குடோனை உடைத்து, காவல்காரன் மண்டையில் அடித்து, சீனப்பட்டுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பின்பக்கச் சாக்கடையில் ரத்தக்கறையோடு ஒரு வெள்ளைச் சட்டை கிடந்தது. சட்டையில் டோபிக் குறி. ஒரு கோடு, அதன் மேல் இரண்டு புள்ளி. ஊர் டோபிகள் எல்லோரையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி வரிசையாக நிற்கவைத்துச் சட்டையைக் காட்டினார்கள். மற்றவர்கள் விவரமான ஆட்கள். எங்கள் குறி இல்லை, துவான், என்று ஒருவர் பின் ஒருவராகக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

முனுசாமியின் முறை வந்தது. நாவலில் எத்தனை தடவை படித்திருக்கிறார் இந்தக் கட்டத்தை! சட்டையைக் கையில் வாங்கக்கூட இல்லை. எட்டிப் பார்த்த மாத்திரத்தில், "அஜீஸ் கிராணி வீட்டுக் குறி, துவான்," என்றார். முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்தாகிவிட்டது. சொல்லி முடித்து, இன்ஸ்பெக்டர் அந்தப் பேரை நோட்டில் எழுதுவதைப் பார்த்த பிறகுதான், யார் பேரைச் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆனால் சொன்னது சரியான விடை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அஜீஸைப் பிடித்துப்போய் உள்ளே வைத்தார்கள். இது என் சட்டை இல்லை என்று அவர் சொன்னார். எல்லாரும் சொல்வதுதானே அது. வீட்டைச் சோதனை போட்டால் அலமாரி நிறைய அதே கோடு, அதே இரண்டு புள்ளி. வேறென்ன சாட்சி வேண்டும்?

அன்று சாயங்காலம் சொக்கநாதன் ஆளனுப்பி முனுசாமியைக் கூப்பிட்டார். கொல்லைப்புறமாகத்தான் வந்தார் முனுசாமி. "ஏன்ப்பா அங்கயே நிக்கறே, மேல வா," என்றார் சொக்கநாதன். கூடத்தில் பாய் போட்டிருந்தது. பக்கத்துக் கிட்டங்கி ஆட்கள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். வெள்ளி டம்ளரில் கோப்பி வந்தது. நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். அஜீஸ் அப்படிச் செய்யக்கூடியவர்தானா என்று ஒருவர் இழுத்தபோது, சொக்கநாதன் கையமர்த்தினார். "யாரு மேல சந்தேகமே வராதோ, அவன்தான்ப்பா கடைசியில செஞ்சிருப்பான். நாம படிக்காத கதையா?" எல்லோரும் ஆமென்றார்கள். முனுசாமியும் ஆமென்றார். டம்ளரைத் தூக்கிக் குடிக்காமல் வாய் வைத்துக் குடித்தார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு புது வாடிக்கையின் சட்டைகளுக்குக் குறி போட உட்கார்ந்தார். சட்டையின் அடி மடிப்பைத் திருப்பி, சேராங்கொட்டையில் ஊசியைக் குத்தி எடுத்து, முதல் புள்ளியை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

அவர் குறி போடுவது அடி மடிப்பில். கழுத்துப் பட்டைக்கு உள்ளே போடுகிறவள் அவர் மனைவி குணவதி. அவளுக்கு மெல்லிய விரல். இவருடைய தடி விரலுக்குக் கழுத்துப் பட்டை வசப்படாது. குணவதி செத்ததிலிருந்து எல்லாக் குறியும் அடி மடிப்பில்தான். அஜீஸ் வாடிக்கையானது அவள் செத்து ஆறு மாதம் கழித்து. ஸ்டேஷனில் பார்த்த சட்டையில் குறி இருந்தது கழுத்துப் பட்டையில். எழுத்துப் படிக்கிற கண் அதைப் பார்த்தது; பார்த்தும் படிக்கவில்லை.

கோடும் இரண்டு புள்ளியும் அதற்கு முன் ஒரு லாரிக்காரனின் குறி. அவன் டவுனை விட்டுத் தாசேக் கெலுகோர் பக்கம் போய்விட்டான். வாடிக்கை போனால் அந்தக் குறி அடுத்து வருகிறவருக்குப் போகும். வண்ணாந்துறையில் அதுதான் நடைமுறை. புதுசு புதுசாகக் குறி கண்டுபிடித்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பது? ஆக, ரத்தக்கறைச் சட்டை லாரிக்காரனுடையது. அஜீஸ் சொன்னது சத்தியம்.

ஸ்டேஷன் அங்கிருந்து நடந்தால் முக்கால் மணி. ஓடினால் அரைமணி. முனுசாமி ஊசியைக் கீழே வைத்தார், எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்து இரண்டாவது புள்ளியை வைத்தார்.

பயமா என்று கேட்டால், பயம் இருந்தது. பொய்ச் சாட்சி சொன்னதாகத் தன்னையே உள்ளே தூக்கிப் போடுவார்களோ என்ற பயம். ஆனால் அது பாதிதான். மற்றப் பாதியைச் சொல்ல வாய் கூசுகிறது, சொல்லத்தான் வேண்டும். அன்று சாயங்காலமும் சொக்கநாதன் வரச்சொல்லியிருந்தார். இன்னும் பத்துப் பேர் கேட்க வருகிறார்கள். முனுசாமி போனார். மறுநாளும் போனார். பாசாரில் வெற்றிலைக்காரன் அவரிடம் காசு வாங்கவில்லை. மொட்டையாக டோபி என்று கூப்பிட்ட வாயெல்லாம் முனுசாமியண்ணே என்றது. நாற்பது வருஷமாக ஊரார் அழுக்கைச் சுமந்தவன் தலையில், ஒரே வார்த்தைக்கு இவ்வளவு பூ. அதைத் தானே போய் உதறிவிட்டு, ஐயா நான் ஒரு மடையன் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தார். அஜீஸ் செய்யாதபோது சர்க்கார் தானே விட்டுவிடாதா என்றும் நினைத்துக்கொண்டார். பாழாய்ப்போன மனசுக்குச் சாக்குச் சொல்லவா தெரியாது!

எட்டாம் நாள், கப்பல் கம்பெனியில் அஜீஸின் நாற்காலிக்கு வேறு கிராணி வந்துவிட்டான் என்று சொக்கநாதன் செய்தி சொன்னார். வெளியே வேலையில்லாமல் நூறு பேர் நிற்கும்போது ஒரு வாரத்துக்கு மேல் எந்தக் கம்பெனி காத்திருக்கும்? முனுசாமி கையில் அப்போதும் கோப்பி இருந்தது. அதைக் குடித்து முடித்தார்.

அதற்கு நாலாம் நாள் மத்தியானம் அஜீஸின் மனைவி சித்தி ஆயிஷா வண்ணாந்துறைக்கு வந்தார். முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே அஜீஸின் வெள்ளைச் சட்டை. "நாளக் கழிச்சி கோர்ட்டு, அண்ணே. நல்லா வெளுத்துக் கஞ்சி போட்டுக் குடுங்க. பாக்குறவங்க மதிக்கிற மாதிரி இருக்கணும்." முனுசாமி வாங்கத் தயங்கி நின்றார். அந்த அம்மாள் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். "போலீசு கேட்டா உள்ளதத்தான் சொல்லி ஆவணும். ஒங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்றார்.

திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அந்தச் சட்டையைத் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, உலர்த்தி, இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தும்போது கண்ணீர் விழுந்து விழுந்து மறுபடி மறுபடி தேய்க்கவேண்டியிருந்தது. அடி மடிப்பில் அவர் போட்ட குறி பளிச்சென்று தெரிந்தது. விடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போனார். கழுத்துப் பட்டை, அடி மடிப்பு, குணவதி, லாரிக்காரன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று இன்ஸ்பெக்டர் சீறியபோது, "இன்னிக்குக் காலையிலதான் ஞாபகம் வந்துச்சு, துவான்," என்றார். அன்றைக்கே லாரிக்காரனைப் பிடித்தார்கள். இரண்டு கட்டுப் பட்டு இன்னும் அவன் கட்டிலுக்கடியில் இருந்தது. அஜீஸை விட்டுவிட்டார்கள்.

ஊர் என்ன சொன்னது? இன்னும் ஒரு படி தூக்கி வைத்துக் கொண்டாடியது! யானைக்கும் அடி சறுக்கும், சறுக்கியதைத் தானே வந்து சொன்னான் பார், அவன் மனுஷன் என்றது. சொக்கநாதனுக்குச் சந்தோஷம் தாளவில்லை. கடைசி அத்தியாயத்தில் இப்படி ஒரு திருப்பம் எந்த நாவலிலும் வந்ததில்லை என்று மாய்ந்து மாய்ந்து சொன்னார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினவருக்கு இரண்டுக்கும் சேர்த்துப் பாராட்டு. பிள்ளை என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

பிள்ளைக்கு வேலை போயிற்று. கம்பெனி வீடு போயிற்று. உள்ளே இருந்துவிட்டு வந்தவர் என்ற சொல் போகவில்லை. எழுத்து வேலைக்கு எங்கே போய் நின்றாலும் அந்தச் சொல் அவருக்கு முன்னால் போய் நின்றது. இப்போது ஜெலுத்தோங்கில் ஓர் அரிசி ஆலையில் மூட்டைக்கு வாய் தைக்கிறார். பேனா பிடித்த விரலில் கோணி ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருக்கிறது. அச்சடித்த எதையும் தொடுவதில்லை. நாவல் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

ஆனால் முனுசாமியை மட்டும் அவர் விடவில்லை. வெளியே வந்த மறுநாளே வண்ணாந்துறைக்குத் தேடி வந்து, ஈரக் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, நீங்கள் ஓடிவந்து சொல்லியிராவிட்டால் எனக்கு ஏழு வருஷம் என்று அழுதார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் ஆளனுப்பி அழைக்கிறார். முனுசாமி ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவை அந்தப் பதினோரு நாளையும் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் கிளம்புவார். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போவார். சொல்லிவிட்டால் அந்த வீட்டு வாசல் அடைபடும். சொல்லாவிட்டால் அந்த வீட்டுச் சோறு இறங்காது. இரண்டு வருஷம் சொல்லாமல்தான் திரும்பினார். சோறு இறங்கத்தான் செய்தது.

இந்தப் பெருநாளுக்கும் போனார். தகரக் கூரை வீடு, ஒரே அறை. அஜீஸ் அவரைத் தழுவி உட்காரவைத்தார். சித்தி ஆயிஷா நெய்ச்சோறும் இறைச்சி ஆணமும் பரிமாறினார். பாதிச் சாப்பாட்டில் அஜீஸ் ஊசித் தழும்பு விழுந்த விரலால் பாயை நெருடிக்கொண்டே பேசினார்.

"ரொம்ப நாளா மனசுல ஒண்ணு கெடக்கு, அண்ணே. கம்பெனிக்காரன் எட்டாம் நாளுதான் என் எடத்துல ஆளப் போட்டான். அதுக்கு முந்தி ஒங்களுக்கு ஞாபகம் வந்திருந்தா, நான் இன்னும் அங்கனயே இருந்திருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினார். சொன்னது விருந்தாளியின் மனசைப் புண்படுத்திவிட்டதோ என்று அவருக்கே சங்கடமாகிவிட்டது. "ஞாபகம் வர்றது நம்ம கையிலயா இருக்கு? அன்னிக்குக் காலையிலதானே தெரிஞ்சுது ஒங்களுக்கு?"

முனுசாமியின் வாய் நிறையச் சோறு இருந்தது. விழுங்கினார். அஜீஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி ஆயிஷா சோற்றுக் கரண்டியோடு பக்கத்தில் நின்றார்.

முனுசாமி ஆமென்று தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, தட்டைக் கரண்டிப் பக்கமாக நீட்டினார்.